கறவைக்கு ஊரடங்கு இல்லை
(நோய்க்காலத்து ஊர்கள் – 11)

2020 மார்ச் 25 அன்று நாடே அடைபட்டபோதும் பாலுக்குத் தடை இல்லை. பாலை வாங்கும் இடங்கள்தான் மூடிக்கிடந்தன. ஸ்ரீரங்கத்தில் கோயில் நடை பக்தர்களுக்கு அடைபட்டது. வீதிகளில் காபிக்கடை, சாப்பாட்டுக்கடை, யாத்ரிகர் விடுதி, கல்யாண மண்டபம் எல்லாம் அதோடு அடங்கின. சுற்றுக் கிராமங்களிலிருந்து கேனில் கொண்டுவந்து ஊற்றியவர்களுக்கு வீட்டு வாடிக்கை மட்டுமே மிஞ்சியது.

மாட்டை நிறுத்திவைக்க முடியாது. விடியுமுன் ஒரு வேளை, பிற்பகலில் ஒரு வேளை கறந்தே ஆகவேண்டும். கறக்காமல் விட்டால் மடி கல்லாக இறுகும். மடிநோய் கண்டால் ஒரு காம்பே கெட்டுப்போகும். தீவனத்தைக் குறைத்தால் பால் இறங்கும். இறங்கிய பாலை அந்த ஈத்தில் மறுபடி ஏற்றுவது பெரும்பாடு. சம்பா அறுவடை முடிந்த நேரம், வைக்கோல் கிடைத்தது. புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் தவிடும் காசுக்குத்தான்.

அரசு என்ன கொடுத்தது? ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1000 ரூபாய் வந்தது. தீவனம் ஒரு மூட்டை வாங்கினால் அதில் மிச்சம் நிற்காது. பிரதமரின் கிசான் திட்டத்தில் 2000 ரூபாய் தவணையை முன்கூட்டியே போட்டார்கள். ஆனால் அது பட்டா நிலம் உள்ளவருக்கு. நிலமே இல்லாமல் இரண்டு கறவையை நம்பிப் பிழைப்பவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார்.

மே 15 அன்று ஒன்றிய அரசு 15,000 கோடி ரூபாயில் கால்நடை உள்கட்டமைப்பு நிதியை அறிவித்தது. பால் பதப்படுத்தும் ஆலை, தீவன ஆலை கட்டுவோர் வாங்கும் கடனுக்கு வட்டிச் சலுகை. ஜூன், ஜூலையில் பால் கூட்டுறவு உறுப்பினர்களுக்கு உழவர் கடன் அட்டை வழங்கச் சிறப்பு முகாம் நடந்தது. ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீத வட்டி. நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கடன். விற்காத பாலுக்கு நட்ட ஈடு அல்ல. அதே 2020இல் அமெரிக்கா தன் விவசாயிகளுக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் நேரடித் தொகையாக மட்டும் 1600 கோடி டாலர் ஒதுக்கியது. அவ்வளவு தூரம் போவானேன்? மகாராஷ்டிர அரசு தேங்கிய பாலை நாளுக்கு 10 லட்சம் லிட்டர் வரை, லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கிப் பவுடராக்க முடிவெடுத்தது.

நம் பக்கம் கைகொடுத்தது கூட்டுறவுச் சங்கம். தனியார் நிறுவனங்கள் கொள்முதலைக் குறைத்து விலையையும் இறக்கியபோது, ஆவின் பசும்பாலுக்குத் தந்த லிட்டர் 32 ரூபாயை இறக்கவில்லை. சங்கத்தில் பாலை ஊற்றி, மாதிரி எடுத்து, கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்து எழுதும் அந்தச் சின்னப் புத்தகத்தில் பெயர் இருந்தவர் ஓரளவு தப்பினார். டீக்கடையை நம்பி ஊற்றியவருக்கு அந்தப் புத்தகம் இல்லை.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. 2021 மே 7 அன்று புதிய முதல்வர் மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்ட முதல் ஆணைகளில் இரண்டு: அரிசி அட்டைக்கு 4000 ரூபாயில் முதல் தவணை 2000, ஆவின் பால் விற்பனை விலையில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைப்பு. பால் வாங்கும் குடும்பத்துக்கு அது உதவிதான். கறப்பவருக்கோ 2019 ஆகஸ்டில் நிர்ணயித்த அதே 32 ரூபாய். 2022 நவம்பரில்தான் அது 35 ஆனது. இடையே தீவன விலை ஏறிக்கொண்டே போனது.

கறப்பவருக்கு நேரடி உதவி என்றால், யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை என்பார்கள். 2019 செப்டம்பரில் தொடங்கிய கோமாரித் தடுப்பூசித் திட்டத்தில் மாடுகளின் காதில் மஞ்சள் வில்லை மாட்டி, 12 இலக்க எண் கொடுத்து, உரிமையாளர் பெயரோடு பதியும் வேலை நடந்துகொண்டிருந்தது. கால்நடை மருந்தகத்துக்குத் தெரிந்த மாட்டுக்கு, தீவனச் செலவாக மாதம் ஒரு தொகை போட்டிருக்கலாம். நிலமும் கேட்க வேண்டாம், சங்க உறுப்பினர் எண்ணும் கேட்க வேண்டாம். வில்லை ஏறாத மாட்டுக்கு அந்த மாதமே ஏற்றியிருக்கலாம்.

பாலைவிடச் சிக்கலானது ஆடு மாடு விற்பனை. மணப்பாறை மாட்டுச் சந்தையும் சமயபுரம் ஆட்டுச் சந்தையும் கூடாதிருந்த மாதங்களை அடுத்த வாரம் பார்ப்போம்.