வழுக்குச் சரிவு வாதம்

மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவை முறைகளை உரைக்குங்கால், பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என வாதத்தில் நேரும் போலிகளை வகுத்துரைப்பார். இக்கால அளவை நூலார் 'வழுக்குச் சரிவு' எனச் சுட்டும் வாதமும் இவ்வினத்தோடு வைத்து எண்ணத்தக்கதே. முதலடி வைத்தால் இரண்டாமடி தானே நேரும், அதிலிருந்து மூன்றாமடி, ஈற்றில் படுகுழி. ஆதலின் முதலடியே வேண்டா என்பது இதன் வடிவம். பட்டிமன்ற மேடையில் கைதட்டலைத் தப்பாமல் பெற்றுத்தரும் வாதமும் இதுதான்!

ஒரு வல்லரசு போரில் இறங்கவே இவ்வாதம் துணைநின்றதுண்டு. 1954 ஏப்ரல் 7 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் செய்தியாளரிடம் ஓர் உவமை கூறினார். வரிசையாக நிறுத்திய டோமினோ கட்டைகளுள் முதலாவதைத் தட்டினால் கடைசிக் கட்டையும் சாயும். அதுபோல இந்தோசீனா பொதுவுடைமையர் வசமானால் பர்மா, தாய்லாந்து, மலேயத் தீபகற்பம், இந்தோனேசியா என அடுத்தடுத்து வீழும் என்பது அவர் கருத்து. பின்வந்த ஆட்சியாளரையும் இவ்வச்சம் விடவில்லை. வியட்நாம் போரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர் மாண்டனர். மடிந்த வியட்நாமியரோ பல இலட்சம்.

1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தது. ஆனால் தாய்லாந்து சாயவில்லை. மலேசியாவும் இந்தோனேசியாவும் சாயவில்லை. 1978 டிசம்பரில் வியட்நாம் படையெடுத்ததோ மற்றொரு பொதுவுடைமை நாடாகிய கம்போடியாவின்மீது! 1979இல் சீனம் வியட்நாமைத் தாக்கியது. 1995இல் வியட்நாம், அந்த அண்டை நாடுகளின் ஆசியான் கூட்டமைப்பிலேயே உறுப்பாயிற்று. கட்டைகளுக்கு மனமில்லை, நாடுகளுக்குத் தனித்தனி வரலாறும் பகையும் விருப்பும் உண்டு. ஏது நிற்கவேண்டிய இடத்தில் உவமை நின்றுவிட்டது.

எனினும் அவ்வாதத்தை முற்றும் பொய்யெனத் தள்ளவும் இயலாது. லாவோசும் கம்போடியாவும் 1975இலேயே பொதுவுடைமையர் வசமாயினவன்றோ? ஹோ சி மின் பாதை அவ்விரு நாடுகளின் வழியாகவே சென்றது. குண்டுகளும் அங்கே பொழிந்தன. அங்குக் கண்ணிக்குக் கண்ணி பிணைப்பிருந்தது. பிணைப்பில்லாத இடத்தில் சங்கிலி அறுந்தது.

ஒரு கணக்கும் காண்போம். ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்கு இட்டுச்செல்ல 80 விழுக்காடு வாய்ப்புண்டு என்றே கொள்வோம். அவ்வாறு ஐந்து தாவல் தாவி இறுதிப் படுகுழியை அடையும் வாய்ப்பு 33 விழுக்காட்டிற்கும் குறைவே. கேட்போர் செவிக்கோ அது நூறாகவே ஒலிக்கிறது.

நம் இல்லங்களிலும், பெண்மகள் மேற்படிப்புக்கு வெளியூர் செல்ல விழையும்போது, "இன்று இது, நாளை எதுவோ?" என்று பெரியோர் வினவுவதுண்டு. அதனைப் போலி என்று பெயரிட்டு நகைத்தல் மாணவர்க்கு அழகன்று. அனுபவமும் அதனுள் இருக்கலாம். அதே வேளையில், எந்த அடி எந்த அடிக்குக் காரணமாகிறது, இடையில் எங்கே நின்றுகொள்ள இயலும் என்று அவள் பணிவுடன் கேட்டால், விடையளிக்கும் கடன் பெரியோருக்கும் உண்டு.