மரத்தின் உச்சியில் வண்டுகளின் ஊர்!

செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போகிறவர்கள், தென்னை மரத்தைக் கண்டால் சற்று அண்ணாந்து பாருங்கள். சில மரங்களில் ஓலைகள் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல இருக்கும். அது காண்டாமிருக வண்டின் வேலை!

மேலே சாப்பாடு, கீழே தொட்டில்

இந்த வண்டின் நிறம் கறுப்பு. தலையில் ஒற்றைக் கொம்பு உண்டு. இரவில் பறந்து வந்து, தென்னையின் உச்சியைத் துளைத்துக் குருத்தைக் கடிக்கும். ஆனால், முட்டை இடுவது மரத்தில் அல்ல, கீழே எருக்குழியில்! புழு அங்கேயே வளரும். வண்டான பிறகு உச்சிக்குப் பறக்கும். எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழித்தால் தென்னைக்குத் தொல்லை குறையும்.

ஒரு தென்னையில் இப்படி என்றால், பெரிய மழைக்காட்டில் எப்படி?

19 மரங்கள், 1,200 வகை

இதை அறிய விரும்பினார், டெர்ரி எர்வின் என்ற அமெரிக்க விஞ்ஞானி. பனாமா நாட்டுக் காட்டில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களைத் தேர்ந்தெடுத்தார். பூச்சி மருந்தைப் புகையாக உச்சிக்கு அனுப்பினார். கீழே விழுந்த வண்டுகளைப் பிடித்து எண்ணினார். ஏறக்குறைய 1,200 வகை வண்டுகள் என்று கணக்கு வந்தது!

வெப்பமண்டலத்தில் பூச்சி முதலான கணுக்காலி இனங்கள் 3 கோடி இருக்கலாம் என்று 1982-ல் அவர் எழுதினார். அது மிகை என்று பின்னால் வந்தவர்கள் குறைத்துவிட்டார்கள். ஆனாலும், மரத்தின் உச்சியில் தனி உலகமே இருக்கிறது என்பது தெரிந்தது.

காரணம் என்ன? உச்சியில் வெயில், தளிர், பூ எல்லாம் உண்டு. இலை தின்னும் வண்டுகள் அங்கே குடியிருக்கும். கீழே இருட்டும் ஈரமும். சாணத்தையும் மக்கிய மரத்தையும் தின்னும் வண்டுகளுக்கு அதுவே வீடு.

நம் நாட்டிலும் உண்டு

திருநெல்வேலிச் சீமையின் களக்காடு மலையிலும் மழைக்காடு இருக்கிறது. அங்கே கக்காச்சியில் நடந்த ஆராய்ச்சி 2003-ல் வெளிவந்தது. வண்டுகளை நம்பிப் பூக்கும் மரங்களும் அங்கே இருப்பதை அது காட்டியது. நாம் மருந்துக்கு உரைக்கும் ஜாதிக்காய்கூட அப்படித்தான். ஆண் மரத்தின் மகரந்தத்தை இரவில் பெண் மரத்துக்குக் கொண்டு சேர்ப்பது ஒரு சின்னஞ்சிறு வண்டு!

உலகில் இதுவரை பெயர் வைத்த வண்டு வகைகள் சுமார் 4 லட்சம். பெயர் வைக்காதவை இன்னும் ஏராளம். காட்டை வெட்டினால், அவை பெயர் பெறும் முன்பே அழிந்துபோகும்.

தென்னந்தோப்பில் வண்டைப் பிடியுங்கள், தவறில்லை. மழைக்காட்டு வண்டுகளை மட்டும் அவற்றின் மரத்திலேயே வாழவிடுவோம்.