கேமராவுக்குச் சளி பிடிக்கும் ஊரில்

"மாமா, கேமராவுக்கு சளி புட்ச்சிக்கிச்சு" என்றாள் திருவொற்றியூரில் இருக்கும் தங்கை மகள். ஆறு வயது. ஆடியில் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த பொம்மை கேமரா அது. கார்த்திகை மழை ஓய்வதற்குள் லென்ஸுக்கு உள்ளே ஈரம் கோத்து, எடுத்த படமெல்லாம் பால் தெளித்தாற்போல் வெளுத்துவிட்டது. சார்ஜர் செருகும் துளையைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. அவள் கண்டுபிடித்த நோய் சரிதான். தப்பான பொருளை வாங்கியது நான்.

குழந்தைக்குக் கேமரா வாங்க யோசனை சொல்பவர்கள் பெரும்பாலும் மெகாபிக்சலில் தொடங்குவார்கள். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் வீடு என்றால் காற்றில் தொடங்க வேண்டும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது அதனால்தான். அதே உப்பு கடற்காற்றில் வந்து பேட்டரி முனைகளில் படிகிறது, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது, செம்பையும் பித்தளையையும் அரிக்கிறது.

வடக்கே போகப் போக உப்போடு சாம்பலும் சேரும். அத்திப்பட்டு புதுநகரில் வட சென்னை அனல் மின் நிலையம், செப்பாக்கம் பக்கம் அதன் சாம்பல் குளம். நிலக்கரிச் சாம்பல் தொட்டால் மாவுபோல மெத்தென்று இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும்தான். நாம் உப்புத்தாள் என்கிறோமே, அதன் தூள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் படிந்ததைப் பிள்ளை சட்டை நுனியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். முதலில் ரப்பர் குமிழால் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிட்டு, அப்புறம்தான் துணி.

ஆகவே இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு, பொத்தானை அமுக்கியதும் மூக்கை நீட்டும் கேமரா அவ்வளவாக ஆகாது. மூக்கு நீண்டு சுருங்கும்போதெல்லாம் வெளிக்காற்று உள்ளே போய்வருகிறது. காற்றோடு உப்பும் சாம்பலும் போகும். லென்ஸ் உடலுக்குள்ளேயே அடங்கி, மூடிகளில் ரப்பர் வளையம் வைத்து அடைத்த வகை உண்டு. நீச்சல் குளத்துக்கும் மலையேற்றத்துக்கும் செய்தது, நம் கடற்கரைக்கும் பொருந்துகிறது. 2019இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் டபிள்யூ150 பத்து மீட்டர் ஆழம் தாங்கும், 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் பிழைக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. கோடக் பிக்ஸ்ப்ரோ டபிள்யூபிஇசட்2வுக்குச் சொல்லும் கணக்கு 15 மீட்டர், 2 மீட்டர். இவற்றையும் கடலில் நனைத்தால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ரப்பர் வளையத்தில் ஒரு முடியோ மணலோ சிக்கியிருந்தால் பத்து மீட்டர் என்ன, ஒரு பக்கெட் தண்ணீரே போதும்.

நான் ஏமாந்த பொம்மை கேமராவுக்கு வருகிறேன். இணையத்தில் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாய்க்கு, முயல் காதோ பூனை முகமோ வைத்து, '48 மெகாபிக்சல்' என்று பெட்டியில் அச்சிட்டு வரும். உள்ளே இருக்கும் சென்சார் பல நேரம் அதில் சிறு பங்குகூடத் தேறாது. மிச்சத்தைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் இட்டு நிரப்புகிறது. பாலில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுகிற வேலைதான். உண்மையில் எவ்வளவு வேண்டும்? ஸ்டூடியோவில் நாம் கேட்கும் நாலுக்கு ஆறு அங்குலப் படம் நன்றாக வர 1200க்கு 1800, அதாவது சுமார் 22 லட்சம் புள்ளிகள் போதும். ஏ4 தாள் அளவுக்கே 87 லட்சம்தான். பத்து வருடத்துக்கு முந்தைய சாதாரண கேமராவும் இதைத் தாண்டிவிடும்.

1975இல் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவுக்குப் புள்ளிகள் வெறும் பத்தாயிரம். எடை 3.6 கிலோ. ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது. பொம்மை கேமரா அவ்வளவு மோசமில்லை. ஆனால் அமுக்கியபின் அரை விநாடி கழித்துப் பதிவதே குழந்தைக்குப் பெரிய குறை. அதற்குள் நண்டு வளைக்குள் போய்விடும், பூனை மதில் தாண்டிவிடும். வாங்குமுன் கடையில் உங்கள் கையையே வேகமாக ஆட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நிழலான மூலையில் இன்னொன்று. பெட்டியில் அச்சிட்டிருப்பதைவிட இந்த இரண்டு படமும் அதிகம் சொல்லும்.

குழந்தைக்கென்று கேமரா விற்பது புதுசும் அல்ல. கோடக் 1900இல் பிரவுனியை ஒரு டாலருக்கு விற்றது. பெயரே அன்றைய சித்திரக் கதைக் குட்டிச்சாத்தான்களிடமிருந்து எடுத்ததுதான். நம் நாட்டில் பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3ஐ மாமாவோ சித்தப்பாவோ தோளில் மாட்டித் திரிந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு ஃபிலிமுக்குப் பன்னிரண்டே படம். அதைத் தொட்டுப் பார்க்கக்கூடப் பிள்ளைகளை விடமாட்டார்கள்.

காசு கட்டுப்படி ஆகாதவர்களுக்கு, ஏன், ஆகிறவர்களுக்கும் என் சிபாரிசு பழைய கேமராதான். ராயபுரத்திலிருந்து பர்மா பஜார் கூப்பிடு தூரம். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1960களில் உருவான அந்த வரிசைக் கடைகளில், ஒரு காலத்தில் யாரும் சீந்தாத கைக்கடக்கக் கேமராக்களைக் கல்லூரிப் பிள்ளைகள் இப்போது 'டிஜிகேம்' என்று தேடி வாங்குகிறார்கள். விலையும் ஏறியிருக்கிறது. பேரம் பேசுங்கள். ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்துப் பெரிதாக்கினால், உள்ளே தூசி இருப்பது கரும்புள்ளியாகத் தெரியும். பேட்டரியைக் கட்டைவிரலால் தடவி, உப்பியிருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கார்டு எது என்று கேளுங்கள். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜியின் எக்ஸ்டி கார்டும் பழைய சோனியின் மெமரி ஸ்டிக்கும் இப்போது கிடைப்பது அரிது. 2006க்கு முந்தைய கேமராவென்றால் எஸ்டி கார்டிலும் 2 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்வது சந்தேகம். கேனான் பவர்ஷாட் ஏ480 போல டார்ச் லைட்டுக்குப் போடும் ஏஏ பேட்டரி இரண்டில் ஓடுவது கிடைத்தால் விடாதீர்கள். பெட்டிக்கடையிலேயே உயிர் கிடைக்கும். மூக்கு நீட்டும் ரகமாயிற்றே என்பீர்கள். ஆமாம். ஆனால் மலிவு. வீட்டில் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் தாக்குப்பிடிக்கும். அரிசி டப்பாவில் மட்டும் வேண்டாம், அரிசித் தவிடும் தூசிதான்.

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கேமராவைவிட வாய்க்குள் போகக்கூடியதுதான் கவலை. நகம் அளவு மெமரி கார்டு, பட்டன் பேட்டரி. பட்டன் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயையே சில மணி நேரத்தில் அரித்துவிடும். மூடியில் திருகாணி இருக்க வேண்டும். கழுத்துப் பட்டை வேண்டாம், மணிக்கட்டுக் கயிறு போதும். பொம்மை என்று விற்றால் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், 2021 ஜனவரி முதல் சட்டம் அது. வைஃபை இல்லாதது நல்லது. படங்கள் வீட்டோடு இருக்கும்.

இந்த ஊருக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. துறைமுக வாசல்களில் மத்திய தொழிற் பாதுகாப்புப் படை நிற்கிறது. உள்ளே அனுமதியில்லாமல் படமெடுக்கக் கூடாது. கிரேனும் கப்பலும் எந்தப் பிள்ளையையும் இழுக்கும். எங்கே கேமராவைக் கீழே இறக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

வட சென்னை என்றால் சினிமாவில் கத்தி, செய்தியில் புகை அல்லது எண்ணெய். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் எண்ணெய்க் கருப்பானபோது ஊரெல்லாம் கேமரா வந்தது, பிறகு போயிற்று. 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரும், தயாநிதா சிங்–பாரி புகைப்பட விருதை 2022இல் முதன்முதலாகப் பெற்றவருமான எம். பழனி குமார், உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுத்து வருகிறார். கேமராவைப் பிள்ளை கையில் கொடுத்தால் பார்வையின் உயரமே மாறிவிடும். நமக்கு இடுப்பளவில் இருப்பது அவர்களுக்கு நேர் எதிரே.

தங்கை மகளிடம் இப்போது இருப்பது ஏஏ பேட்டரி போடும் பழைய கேமரா. முதல் மாதம் எடுத்ததில் இருபதை மட்டும் பிரிண்ட் போட்டோம். தெருவில் மீன் விற்க வரும் ஆயாவுக்கு ஒன்றைக் கொடுத்தாள். கூடை, அதன் விளிம்பைப் பிடித்த இரண்டு கை, செதில் ஒட்டிய முந்தானை. அதற்கு மேல் படம் இல்லை. ஆயா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மூஞ்சியே காணோம்?"

"அது மேல இருக்கு ஆயா, எனக்கு எட்டல."