பழைய காரை முதன்முறையாகக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறீர்களா? சந்தேகங்களும் விளக்கங்களும்

சென்னையிலும் கோவையிலும் பழைய கார்களின் கண்காட்சி நடக்கும்போது வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தில், அதே மாதிரி ஒரு காரைத் தன் வீட்டுப் போர்டிகோவில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். அப்பா வாங்கிய அம்பாசடர், மாமா விட்டுப்போன ஹெரால்டு, கல்யாணத்தின்போது வந்த பத்மினி என்று ஏதோ ஒன்று. கண்காட்சி என்பது பணக்காரர்களின் ரோல்ஸ்ராய்ஸுக்கு உரியது, நம் வண்டிக்கு அங்கே என்ன வேலை என்று அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் நம் ஊர்க் கண்காட்சிகளில் இன்று குறைவாக வருவது நம் ஊரிலேயே ஓடிய சாதாரணக் கார்கள்தான். அவை வர வேண்டும். அந்த உரிமையாளர்கள் கேட்கும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே.

என் கார் 1968-ம் ஆண்டு அம்பாசடர். இது எந்தப் பிரிவில் வரும்?

இந்தியப் பேரணிகள் பலவற்றில் 1939-ம் ஆண்டுதான் எல்லைக்கோடு. அதுவரை தயாரானவை விண்டேஜ், அதற்குப் பிறகு வந்தவை கிளாசிக். கிளாசிக் எந்த ஆண்டோடு முடிகிறது என்பதை ஒவ்வொரு அமைப்பாளரும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 ஆண்டு ஆன வண்டிகளையே வரலாற்று வாகனமாகக் கருதுகிறது. அதன் வகைப்பாட்டில் 1946 முதல் 1960 வரை ஒரு பிரிவு, 1961 முதல் 1970 வரை இன்னொரு பிரிவு. உங்கள் கார் இரண்டாவதில் வரும். நம் ஊர்க் கண்காட்சிகளில் இந்தியாவில் தயாரான கார்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். இருந்தால் அதில் சேருங்கள். வெளிநாட்டுச் சொகுசுக் கார்களுக்கு நடுவே நிற்பதைவிட, பத்மினிக்கும் ஹெரால்டுக்கும் பக்கத்தில் நிற்கும்போதுதான் அம்பாசடரின் அருமை பார்க்கிறவருக்குப் புரியும்.

பெயிண்ட் மங்கிவிட்டது, சீட் ரெக்சின் கிழிந்திருக்கிறது. முழுவதும் புதுப்பித்த பிறகு போகலாமா?

வேண்டாம். முதல்முறை போகிறவர்கள் அதிகம் பணம் விட்டு, அதிகம் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். கண்காட்சித் தேதியை மனத்தில் வைத்துக்கொண்டு டிங்கரிங் பட்டறையில் வண்டியை விட்டால் என்ன நடக்கும்? பழைய பெயிண்டைத் தகடு தெரியும்வரை சுரண்டி, பட்டி பார்த்து, இன்றைய கார்களுக்கு அடிக்கிற மெட்டாலிக் பெயிண்டை அடித்துத் தருவார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் பளபளக்கும். ஆனால் 1968-ல் உத்தர்பாரா ஆலையிலிருந்து அந்த வண்டி என்ன நிறத்தில் வெளியே வந்தது என்பதற்கான கடைசிச் சாட்சியமும் அன்றோடு போய்விடும்.

பெயிண்டைத் திரும்ப அடிக்கலாம், குரோமைத் திரும்பப் பூசலாம். ஆலையில் அடித்த பெயிண்டை மட்டும் யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஃபிவா 2012-ல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனத்தின் சாரமும் இதுதான்: முதலில் இருப்பதைப் பாதுகாப்பது, அது முடியாத இடத்தில் பழுதுபார்ப்பது, வேறு வழியே இல்லாதபோதுதான் புதுப்பிப்பது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பெபிள் பீச் கண்காட்சியில்கூட, புதுப்பிக்காமல் காப்பாற்றி வைத்த கார்களுக்கென்று தனிப் பிரிவு வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள்.

அப்படியானால் எதுவுமே செய்யக் கூடாதா என்றால், அப்படியும் இல்லை. துரு பிடித்துத் தளம் ஓட்டையாகி இருந்தால் அது பாதுகாப்புப் பிரச்சினை, உடனே சரிசெய்யுங்கள். பிரேக்கும் ஸ்டியரிங்கும் சமரசத்துக்கு உரியவை அல்ல. கிழிந்த சீட்டைத் தைக்கலாம், ஆனால் பழைய தையல் கோடுகளின் போக்கிலேயே தைக்கச் சொல்லுங்கள். எதைத் தொடுவதற்கு முன்பும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மங்கிய பெயிண்டோடும் நேர்மையான உடம்போடும் வந்து நிற்கும் காரை நடுவர்கள் மதிப்பார்கள். பார்வையாளர்களும் அதன் அருகில்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

வருடக்கணக்கில் ஓடியதால் பல பாகங்கள் மாறியிருக்கின்றன. அது குறையா?

பாகத்தைப் பொறுத்தது. அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை ஒட்டிப் பிறந்த இந்தக் கார் 2014 வரை தயாரானது. 1962-ல் மார்க் 2, 1975-ல் மார்க் 3, 1979-ல் மார்க் 4 என்று வந்தபோதெல்லாம் முன் கிரில் மாறியது. ஏதோ ஒரு விபத்துக்குப் பிறகு சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கிடைத்த கிரில்லை மாட்டியிருப்பார்கள். 1968 வண்டியில் மார்க் 4 முகம் இருந்தால் நடுவரின் கண்ணில் முதலில் படுவது அதுதான். அதேபோல ஸ்டியரிங் தண்டில் இருந்த கியரைத் தரைக்கு மாற்றியது, அலாய் வீல், எல்.இ.டி. விளக்கு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் குறையும். இவற்றில் பலவற்றைத் திரும்ப மாற்ற முடியும். புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் சரியான கிரில் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு.

எஞ்சின் மாற்றம் வேறு விஷயம். பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் எஞ்சின் வைத்த அம்பாசடர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் திருத்தப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் கண்காட்சி இருக்கட்டும், ரோட்டில் எடுப்பதே சிக்கல். திருத்தப்பட்டிருந்தால் போட்டிக்கு இல்லாமல் காட்சிக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். கூடவே ஒரு அட்டையில் எந்த ஆண்டு, எதனால் மாற்றினோம் என்று எழுதி வையுங்கள். அதுவும் அந்தக் காரின் சரித்திரம்தானே.

ஒரு எச்சரிக்கை: இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலேய மாடலின் படங்களைப் பார்த்து இந்தியக் காரைத் திருத்தாதீர்கள். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. பிற்பாடு அது கொண்டுவந்த நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் தயாரானதே இல்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு இந்திய விளம்பரத் துண்டுகளும் உரிமையாளர் கையேடும் பழைய குடும்பப் போட்டோக்களும்தான் ஆதாரம்.

என்னென்ன காகிதங்கள் வேண்டும்? வி.ஏ. எண் இல்லாமல் சேர்த்துக்கொள்வார்களா?

உயிரோடு இருக்கும் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றைத்தான் வழக்கமாகக் கேட்பார்கள். விண்ணப்பத்தோடு காரின் நாலு பக்கப் போட்டோக்களும் சிறு வரலாறும் கேட்கலாம். அந்த வரலாற்றை நாலு வரியில் முடித்துவிடாதீர்கள். இடம் குறைவாக இருக்கும்போது எந்தக் காரைச் சேர்ப்பது என்று முடிவுசெய்ய அமைப்பாளருக்கு உதவுவது அதுதான்.

வி.ஏ. எண் என்பது மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விண்டேஜ் வாகனப் பதிவு. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு இது பொருந்தும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் கிடைக்காது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 5,000 ரூபாய் என்று விதி வந்தபோது கட்டணம் வைத்தார்கள். ஏற்கெனவே பதிவு எண் உள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். 'எம்' எழுத்தில் தொடங்கும் பழைய மெட்ராஸ் எண்ணை இழந்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். வாரம் ஒருநாள் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வர நினைத்தால் சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே நல்லது. எதையும் மாற்றுவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய காருக்குத் தேய்மானக் கணக்குப் போட்டால் மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும். இரு தரப்பும் பேசி முடிவுசெய்த மதிப்புக்குப் பாலிசி தருவார்களா என்று கேளுங்கள். நாட்டின் மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகளிலேயே, 1940-க்குள் தயாராகிச் சான்று பெற்ற விண்டேஜ் கார்களுக்கு அந்த முறையும் பிரீமியச் சலுகையும் இருந்தன.

நடுவர்கள் எதையெல்லாம் பார்ப்பார்கள்?

பெரும்பாலும் முழு மதிப்பெண்ணில் தொடங்கி, குறை காணக் காணக் கழித்துக்கொண்டே போவார்கள். வெளிப்பக்கம், உள்பக்கம், பானட்டுக்குள், டிக்கிக்குள், கார் அடியில் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். ஹாரன், இண்டிகேட்டர், வைப்பர், பிரேக் விளக்கு வேலை செய்கின்றனவா என்று போடச் சொல்வார்கள். பலர் கோட்டை விடுவது இந்தச் சின்ன விஷயங்களில்தான். ஸ்டெப்னி, ஜாக்கி, அசல் டூல்ஸ் பை ஆகியவை இருந்தால் எடுத்து வையுங்கள். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் பானட்டை மடக்கார்டுகளோடு சேர்த்து முன்பக்கமாகத் தூக்கி வையுங்கள், அந்தக் காரின் அழகே அங்கேதான் இருக்கிறது.

நடுவர் கேட்டதற்கு மட்டும், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். மாற்றிய பாகத்தை அசல் என்று சொல்லி மாட்டிக்கொள்வதைவிட, மாற்றியதை நீங்களே முதலில் சொல்லிவிடுவது மரியாதை. முடிந்ததும் மதிப்பெண் தாளைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அடுத்த ஆண்டுக்கான வேலைப் பட்டியல் அதில் தயாராக இருக்கும்.

ஓட்டிப் போவதா, லாரியில் ஏற்றிப் போவதா?

உள்ளூர் என்றால் ஓட்டிப் போங்கள். ஓடும் கார் தனி மரியாதை உடையது. ஆனால் கண்காட்சிக்கு முந்தைய நாள் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்காதீர்கள். ஒரு மாதம் முன்பிருந்தே வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். நின்றே கிடந்த வண்டியில் பிரேக் சிலிண்டர் வாஷர்கள் இறுகியிருக்கும், கார்புரேட்டரில் பிசின் படிந்திருக்கும், டயர் பக்கச் சுவரில் வெடிப்பு விட்டிருக்கும். ட்ரெட் நன்றாக இருக்கிறதே என்று பத்துப் பதினைந்து வருட டயரை நம்பி பைபாஸில் ஏறாதீர்கள்.

பெட்ரோல் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. அந்தக் கால ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. உப்பி, மிருதுவாகி, கசிய ஆரம்பிக்கும். சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டேங்க் முதல் கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுங்கள். அசல் தன்மை போய்விடுமே என்று இதில் யோசிக்க வேண்டாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அதனால் டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கி வைக்காதீர்கள்.

அடுத்தது வெயில். நெரிசலில் ஊர்ந்து போகும்போது எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, வண்டி திடீரென்று நின்றுவிடும். பதற வேண்டாம். ஓரம் கட்டி, பானட்டைத் திறந்து, பம்ப்பின்மேல் ஈரத்துணி போட்டுச் சற்று நேரம் பொறுத்தால் மறுபடி கிளம்பும். விடியற்காலையில் புறப்பட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

வழியில் பேட்டரி இறங்கிவிட்டால் யாராவது தன் காரிலிருந்து கேபிள் கொடுக்க வருவார். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். இன்றைய கார்களில் இது நேர் எதிர். பார்க்காமல் கேபிளை மாட்டினால் இரண்டு வண்டிக்கும் ஆபத்து. உங்கள் காரில் எது எர்த் என்று பேட்டரி பக்கத்திலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

வெளியூர் என்றால், அல்லது பிரேக் மேல் கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால், சாய்தள லாரியில் ஏற்றுங்கள். கயிற்றைப் பம்பரில் கட்ட விடாதீர்கள், சக்கரங்களில் பட்டை போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

அன்றைக்குக் கையில் என்ன இருக்க வேண்டும்?

தீயணைப்பான் முதலில். பிறகு தண்ணீர், ஃபேன் பெல்ட், ஸ்பார்க் பிளக், கான்டாக்ட் பாயிண்ட், ஃபியூஸ், சுத்தமான பருத்தித் துணி. எண்ணெய் சொட்டும் என்றால் அடியில் வைக்க ஒரு தட்டு, மைதானத்துக்காரர்களின் கோபத்திலிருந்து அது உங்களைக் காப்பாற்றும். உள்ளரங்கக் கண்காட்சி என்றால் பேட்டரி ஒயரைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள், டேங்கில் குறைவாகப் பெட்ரோல் வைத்திருக்கச் சொல்வார்கள். எஞ்சினைப் பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் போனால் நடுவர் முன்னால் வண்டி கிளம்பாது.

கூட்டம் வந்து தொட்டுப் பார்த்தால் என்ன செய்வது?

பெல்ட் பக்கிளும் தோள்பையும் உரசுவதுதான் பெரிய ஆபத்து. கயிறு கட்டுவதைவிட நீங்களோ வீட்டில் ஒருவரோ வண்டி பக்கத்திலேயே இருப்பது நல்லது. கார் எந்த ஆண்டு, எந்த ஊரில் ஓடியது, யார் ஓட்டினார்கள் என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வையுங்கள். வயதானவர்கள் வந்து, "எங்க ஆபீஸ்ல இதே வண்டிதான் சார், நான்தான் ஓட்டுவேன்" என்று பேச ஆரம்பிப்பார்கள். நின்று கேளுங்கள். எந்தப் பாகம் எங்கே கிடைக்கும், எந்த மெக்கானிக் இன்னும் தொழிலில் இருக்கிறார் என்ற செய்திகள் அவர்களிடம்தான் இருக்கின்றன. குழந்தைகளை ஸ்டியரிங் பிடித்துப் பார்க்க விடுங்கள், கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொண்டு.

யாராவது அங்கேயே விலை கேட்டால்?

கேட்பார்கள். கண்காட்சி அன்று எந்தத் தொகையும் சொல்லாதீர்கள், முன்பணமும் வாங்காதீர்கள். விற்கும் எண்ணம் இருந்தால் அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு, மதிப்பெண் தாள் கைக்கு வந்த பிறகு வீட்டில் எல்லோரோடும் கலந்து பேசிவிட்டுக் கூப்பிடுங்கள்.