உஷார்! ஐ.சி.யூ.விலிருந்து வந்த பிள்ளை ஓயாமல் அழுகிறதா?

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, ராத்திரி முழுக்க வீல் வீலென்று கத்துகிறது. தேனிப் பக்கம் பொட்டிபுரத்திலோ போடியிலோ அடுத்து என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அப்பத்தா வசம்பைச் சுடுவார். பக்கத்து வீட்டு அக்கா 'உரம் விழுந்திருக்கு' என்பார். அப்பா மெடிக்கலுக்கு வண்டியை எடுப்பார். பத்து மாதம் நிறைந்து பிறந்த கொழுகொழு பிள்ளைக்கே இதெல்லாம் ஆகாது. க.விலக்கு அரசு மருத்துவமனையில் வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, இப்போதுதான் வீடு வந்த பிள்ளைக்கோ உயிருக்கே ஆபத்து.

வசம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள அசரோன் நஞ்சு என்பதால் அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. நாமோ உரசி நாக்கில் தடவுகிறோம், போதாததற்கு மணிக்கட்டில் வேறு வளையலாகக் கட்டிவிடுகிறோம். பிள்ளை அதைச் சப்பிக்கொண்டே கிடக்கிறது. 'தடவினதும் அடங்கிருச்சு' என்று நிம்மதி அடையாதீர்கள். மயங்கிக் கிடக்கும் பிள்ளையும் பார்ப்பதற்குத் தூங்குவது போலத்தான் இருக்கும்.

மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் வயிற்றுவலிச் சொட்டு மருந்தும் லேசுப்பட்டதல்ல. அதில் டைசைக்ளோமின் இருந்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சுத் திணறும், நின்றும் போகலாம். அக்கா பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த சீட்டு உங்கள் பிள்ளைக்கு உதவாது. தேன் ஒரு வயது வரை வேண்டாம். அதன் வழியாகப் போகும் கிருமி தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். 'ஆஸ்பத்திரியிலேயே ஊசி போடும்போது சர்க்கரைத் தண்ணி வெச்சாங்களே' என்று கேட்பவர்களும் உண்டு. அது வலி தெரியாமலிருக்க அளந்து வைத்த சில சொட்டு. வீட்டில் டம்ளரில் கரைப்பது வேறு கதை.

குளிப்பாட்டி மூக்கில் எண்ணெய் விடுவது, தொண்டைக்குள் விரலை விட்டுக் கோழை வழிப்பது, உரம் எடுக்கிறேன் என்று சேலையில் போட்டு உருட்டுவது, எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. பிள்ளையின் கழுத்து இன்னும் நிற்கவில்லை. ஆத்திரத்தில் குலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும். பொறுமை போய்விட்டதா? பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வாசலில் போய் நில்லுங்கள். அதில் குற்றமே இல்லை.

ஏன் இப்படி அழுகிறது? பல வீடுகளில் கணக்கே தப்பு. பச்சைப் பிள்ளையின் அழுகை ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். குறைமாதப் பிள்ளைக்கு அந்த ஆறு வாரத்தைப் பிறந்த நாளிலிருந்து எண்ணக்கூடாது, டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். எட்டு வாரம் முந்திப் பிறந்திருந்தால் பதினாலாவது வாரம் வாக்கில்தான் உச்சம். 'மூணு மாசமாச்சு, இன்னும் அழுகுதே' என்று மருமகளைக் குறை சொல்லும் மாமியார்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கட்டும்.

அமர்த்த உங்கள் நெஞ்சு போதும். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கிய கங்காரு முறைதான் இது. பிள்ளைக்கு டயபர், குல்லா மட்டும் போட்டு, தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைத்து, சேலையால் சுற்றிக் கட்டுவது. மூக்கும் வாயும் மூடாமல், முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நீங்கள் விழித்திருக்க வேண்டும். இந்தியாவும் சேர்ந்து நடத்திய உலக சுகாதார நிறுவன ஆய்வு 2021-இல் வெளியானது. பிறந்தவுடனேயே இதைத் தொடங்கியதால் எடை குறைந்த பிள்ளைகளின் இறப்பு கால்வாசி குறைந்திருந்தது. அப்பாவும் கட்டிக்கொள்ளலாம். ஏலத்தோட்டத்தில் மருந்தடித்த உடுப்போடு மட்டும் பிள்ளையைத் தொடாதீர்கள். குளித்து மாற்றிக்கொண்டு வாருங்கள். இன்னொரு முறையும் உண்டு, பிள்ளை ஐ.சி.யூ.வில் இருக்கும்போதே நர்சிடம் கேட்டுப் பழகுங்கள்: ஒரு கை தலையில், ஒரு கை பாதத்தில், அழுத்தாமல் அணைத்தபடி அசையாமல் வைத்திருப்பது. தட்டல், ஆட்டல், பாட்டு மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டாம், பிள்ளைக்குத் தாங்காது.

அப்படியும் ஓயவில்லையா? துணியை முழுக்க அவிழ்த்துப் பாருங்கள். கால் விரலில் தாயின் தலைமுடி சுற்றி இறுக்கியிருக்கலாம். தொடை இடுக்கில் கல்லு மாதிரி வீக்கம் இருந்தால் குடல் சிக்கியிருக்கலாம், குறைமாதப் பையன்களுக்கு இது அதிகம். பச்சையாக வாந்தி, உப்பிய வயிறு, வலிப்பு, காய்ச்சல், உடம்பு சில்லிடுவது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, பால் குடிக்க மறுப்பது, இதில் ஒன்று போதும், உடனே ஆஸ்பத்திரி. கத்திக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று துவண்டால் இன்னும் அவசரம்.

மலையில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். போடிமெட்டு பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள், பனி இறங்கிவிட்டால் ஜீப் ஊர்ந்துதான் வரும். சாயங்காலமே பால் குடிக்க மறுத்த பிள்ளையை வைத்துக்கொண்டு 'விடியட்டும்' என்று உட்காராதீர்கள். 108-க்குப் போன் போட்டு, பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இறங்கிவிடுங்கள்.