ஈன்ற பசு எழாதிருப்பது ஏன்?

பசு கன்று ஈன்ற வீட்டிலே மகிழ்ச்சிக்குக் குறைவிராது. கடும்புப் பாலை அயலவர்க்குப் பகிர்ந்தளிக்கும் இல்லத்தரசியும், கன்றின் நெற்றிச் சுட்டியைக் கண்டு களிக்கும் சிறுவருமாக மாட்டுக்கொட்டில் கலகலத்திருக்கும். அம்மகிழ்ச்சி சில வேளைகளில் மறுநாட் காலையிலேயே மறைந்துவிடுகின்றது. நின்று கன்றை நக்கிக்கொண்டிருந்த பசு, பின்னங்கால்கள் தள்ளாடப் படுத்துவிடுகின்றது. தலையை விலாப்புறம் திருப்பி வைத்தபடி சோர்ந்து கிடக்கின்றது. மூக்கு உலர்ந்திருக்கும், காதைத் தொட்டாற் குளிரும். நாவூறு என்பாரும் உளர். மிருக வைத்தியர் இதனைப் பாற்காய்ச்சல் என்பர். காய்ச்சல் என்பது பெயரளவிலேதான். உடல்வெப்பம் ஏறுவதில்லை, பெரும்பாலும் இறங்கியே காணப்படும்.

நோயின் மூலம் இரத்தத்திலே உள்ளது. 100 மில்லிலீற்றர் இரத்தநீரில் 9 முதல் 10 மில்லிகிராம் வரையிற் கல்சியம் இருத்தல் வேண்டும். 600 கிலோ நிறையுள்ள பெரும் பசுவொன்றின் இரத்தநீர் முழுவதிலுமுள்ள கல்சியத்தைத் திரட்டினாலும் ஏறக்குறைய 3 கிராமே தேறும். கடும்புப் பாலிலோ கிலோவொன்றுக்கு 2 கிராம் அளவிற் கல்சியம் உண்டு. பத்துக் கிலோ கறந்தால் 20 கிராம் போய்விடும். கையிருப்பு மூன்று, செலவு இருபது! எந்தக் குடும்பத் தலைவி இக்கணக்கைச் சமாளிப்பாள்?

ஆயினும் பசுவின் எலும்புகளிலே கிலோக்கணக்கிற் கல்சியம் கிடக்கின்றது. அதனை எடுத்து வழங்கும்படி, கழுத்திலுள்ள பரதைரொயிட்டுச் சுரப்பிகள் ஓர் ஓமோனைச் சுரக்கின்றன. அவ்வோமோனே விற்றமின் டியைச் சிறுநீரகத்திற் செயல்வடிவம் பெறச் செய்து, உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் கூடுதலாக உறிஞ்சவும் வழிசெய்கின்றது. இவ்வேற்பாடு முழுமையாக இயங்க ஒன்றிரண்டு நாட்கள் செல்லும். மடியோ ஒரு மணி நேரமும் பொறுப்பதில்லை. வயது சென்ற பசுக்களின் எலும்பு எளிதில் இளகாது. ஆகையால் மூன்றாம் ஈற்றிலிருந்தே இந்நோய் மிகுதி. யாழ்ப்பாணத்தார் விரும்பி வளர்க்கும் ஜேர்சிக் கலப்பினத்தாரும் கவனிக்க. ஜேர்சி இனத்தை இந்நோய் எளிதிற் பற்றும்.

இதற்கு மருந்து கண்ட கதை வேடிக்கையானது. டென்மார்க்கு நாட்டு மிருக வைத்தியர் சிமித் என்பார், மடியிலே நஞ்சு உண்டாவதாக எண்ணி, 1897 இல் அயடைட்டுக் கரைசலை மடிக்குள் ஏற்றினார். பசுக்கள் எழுந்தன! சில ஆண்டுகளிற் கரைசலும் வேண்டாம், வெறுங்காற்றே போதுமென்று கண்டனர். துவிச்சக்கரவண்டிப் பம்பினாற் காற்றடித்துப் பசுவைப் பிழைப்பித்தோரும் உளர். நஞ்சு எதுவுமில்லை, உப்பிய மடியிற் பால் சுரப்பது தடைப்பட, கல்சியம் வெளியேறுவது நின்றது. அவ்வளவே. கருத்துப் பிழை, சிகிச்சை சரி! கல்சியக் குறைவே காரணமென்று ஸ்கொட்லாந்தில் டிரையர், கிரெய்க் என்போர் 1925 இல் எடுத்துரைத்த பின்னரே உண்மை துலங்கியது.

ஆனால், ஈனுமுன் கல்சியத்தை அள்ளிக் கொடுப்போம் என்று எண்ணுதல் தகாது. உணவில் அது நிறைந்திருந்தால் மேற்கூறிய சுரப்பிகள் உறங்கிவிடும். ஈனுமுன் கல்சியத்தைக் குறைத்தூட்டினால் நோய் குறைவதைக் கலிபோர்னியாவில் 1954 இல் வெளியான ஆய்வு காட்டியது. பொற்றாசியம் மிகுந்த புல்லும், மகனீசியக் குறைவும் அவ்வோமோனின் வலிமையைக் கெடுக்கும்.

பசு படுத்துவிட்டால் ஒரு பக்கமாகச் சாயவிடாது, வைக்கோற் கட்டுகளை அண்டைகொடுத்து நெஞ்சின்மேல் இருத்துக. வாயில் எதனையும் ஊற்றற்க. விழுங்க வலுவற்ற பசுவுக்கு அது நுரையீரலிற் சென்றுவிடும். வைத்தியரை உடனே அழைப்பிக்க. அவர் கல்சியம் போரோகுளுக்கோனேற்றை நாளத்தில் மெல்ல மெல்ல ஏற்றுவார். விரைந்து ஏற்றினால் இதயம் நின்றுவிடும். சற்று நேரத்திற் பசு நடுங்கும், ஏப்பமிடும், சாணமிடும். பின்பு எழுந்து கன்றைத் தேடும். சில பசுக்கள் ஓரிரு நாளில் மீண்டும் படுப்பதுண்டு. ஆதலின் அவ்விரவும் கொட்டிலில் விளக்கு எரியட்டும்.