மூன்றாவது கதவு யாருக்கு?

பெரிய வணிக வளாகத்திலோ விமான நிலையத்திலோ ஆண்கள், பெண்கள் என்ற இரண்டு கதவுகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கதவு இருக்கும். அதன்மேல் சக்கர நாற்காலிப் படம். பல இடங்களில் அதே கதவில் டயாபர் கட்டிய குழந்தையின் படமும் சேர்ந்திருக்கும். இரண்டு படங்களையும் ஒரே கதவில் ஒட்டியபோது கூடவே ஒரு சச்சரவும் ஒட்டிக்கொண்டது. உள்ளே ஒரு தாய் குழந்தைக்கு டயாபர் மாற்றிக்கொண்டிருக்கிறார்; வெளியே சக்கர நாற்காலியில் ஒருவர் காத்திருக்கிறார். இருவரில் யார் முந்த வேண்டும்? நடமாட்டத்தில் சிரமமே இல்லாதவர் அவசரத்துக்கு உள்ளே போகலாமா? நன்றாக நடந்து வெளியே வருபவரைப் பார்த்து, "இது உங்களுக்கான இடமா?" என்று கேட்கலாமா? கேட்டால் எல்லாமே நாகரிகம் சம்பந்தப்பட்ட கேள்விகள் போலத்தான் தெரியும். ஆனால் இவற்றில் பாதி, இரண்டு அறை கட்ட வேண்டிய இடத்தில் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனவரின் சிக்கனத்தால் வந்தவை. மீதிப் பாதிக்கு ஒரே அளவுகோல் போதும். யார் அதிகம் கஷ்டப்படுகிறார் என்று பார்க்க வேண்டியதில்லை. யாருக்கு வேறு கதவு இல்லை என்று பார்த்தால் போதும்.

முதலில் அந்த அறை ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனின் கட்டட வழிகாட்டி, சக்கர நாற்காலியில் வருபவர் பயன்படுத்தும் கழிப்பறைக்குக் குறைந்தது 1.5 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் நீளமும் கேட்கிறது. நாற்காலியைத் திருப்ப இடம் வேண்டும்; கோப்பைக்குப் பக்கவாட்டில் நாற்காலியை நிறுத்தி, கைப்பிடியைப் பிடித்து உடலை நகர்த்திக்கொள்ளவும் இடம் வேண்டும். உடையைத் தளர்த்துவது, தேவைப்பட்டால் சிறுநீர்க் குழாயைச் செருகி எடுப்பது, திரும்ப நாற்காலிக்கு மாறுவது எல்லாம் சேர்ந்தால் சிலருக்குக் கால் மணி நேரத்துக்கு மேலும் ஆகும். சாதாரணக் கழிப்பறையின் கதவுக்குள் அந்த நாற்காலி நுழையவே நுழையாது. இதில் வெளியே தெரியாத விஷயம் ஒன்றும் உண்டு. தண்டுவடத்தில் அடிபட்டவர்களில் பலருக்கு அடக்கிவைக்கும் கட்டுப்பாடு கிடையாது. அடி, ஆறாவது மார்பு முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ பட்டிருந்தால், நிரம்பிய சிறுநீர்ப்பையே ரத்த அழுத்தத்தை உயிருக்கு ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடும். அவருக்கு "ஐந்து நிமிடம் பொறுங்கள்" என்பது நமக்குச் சொல்லப்படும் ஐந்து நிமிடம் அல்ல.

"காலியாகத்தானே கிடக்கிறது, நான் போய்விட்டு வந்தால் என்ன?" என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. அதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பேருந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான இருக்கை காலியாக இருந்தால் உட்காருகிறோம்; உரியவர் ஏறினால் எழுந்து இடம் விடுகிறோம். அந்த ஏற்பாடு அங்கே செல்லுபடியாவதற்குக் காரணம், நாம் அவரைப் பார்க்கிறோம், உடனே எழ முடிகிறது என்பதுதான். கழிப்பறையில் இரண்டும் இல்லை. தாழிட்ட கதவுக்கு வெளியே யார் வந்து நிற்கிறார் என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பாதியில் எழுந்து வர முடியாது. ஆகவே, சாதாரணக் கழிப்பறையைப் பயன்படுத்த முடிகிறவர் வரிசை நீளமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இந்தக் கதவைத் திறக்கக் கூடாது. அலங்காரம் செய்துகொள்ள, உடை மாற்ற, கைப்பேசியில் நிம்மதியாகப் பேச என்று நுழைபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்படியானால் சக்கர நாற்காலி இல்லாதவர்களையெல்லாம் தடுத்துவிடலாமா என்றால், அங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகிறது. இந்தியாவின் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் பட்டியலிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. பார்கின்சன், தண்டுவட மரப்பு நோய், அரிவாள் செல் நோய் எல்லாம் அதில் உண்டு. அந்தப் பட்டியலுக்கு வெளியேயும் பலர் இருக்கிறார்கள். குடல் அழற்சி நோய் உள்ளவருக்கு அவசரம் சொல்லிக்கொண்டு வராது. குடல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வயிற்றில் கழிவுப் பை பொருத்தியவருக்கு அதைக் காலிசெய்து சுத்தம் செய்யத் தண்ணீரும் தனிமையும் ஒரே அறைக்குள் வேண்டும். இருவரும் நம்மைப் போலவே நடந்து வருவார்கள். நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. பழைய கட்டடங்கள் பலவற்றில் மற்ற எல்லாம் குந்தி உட்காரும் கழிப்பறைகள். வெஸ்டர்ன் டாய்லெட் இருப்பது மாற்றுத்திறனாளிகளுக்கான அறையில் மட்டும். மூட்டுவலியால் மடங்காத முழங்காலோடு வரும் பாட்டிக்கும், நிறைமாதக் கர்ப்பிணிக்கும் அங்கே வேறு வழி ஏது? லண்டனில் என்றால் "சாதாரணக் கழிப்பறைக்குப் போகலாமே" என்று நாம் சொல்லக்கூடிய ஒருவர், இங்கே அந்த மூன்றாவது கதவை முழு நியாயத்தோடு திறக்கலாம். அளவுகோல் மாறவில்லை, கட்டடம்தான் மாறியிருக்கிறது. வெளியே வருபவரை மேலும் கீழும் பார்த்து எடைபோடுவதைக் கைவிட வேண்டியதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. தனக்கு வேறு கதவு இருக்கிறதா என்று ஒருவர் தன்னைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தவரிடம் கேட்கும் கேள்வி அல்ல இது.

இந்தத் தாராளத்தை அளவில்லாமல் நீட்டினால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் ஏற்கெனவே அனுபவித்துப் பார்த்துவிட்டது. 1994-இல் கட்டடங்களுக்கும் 2000-இல் போக்குவரத்துக்கும் தடையற்ற அணுகலுக்கான சட்டங்கள் கொண்டுவந்து, 2006-இல் இரண்டையும் ஒன்றாக்கிய நாடு அது. அங்கே மூன்றாவது அறையில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். சக்கர நாற்காலிக்கு இடம், கழிவுப் பையைக் கழுவ இடுப்புயரத் தொட்டி, குழந்தைக்கு டயாபர் மாற்றும் பலகை, அம்மா உட்கார்ந்திருக்கும் வரை குழந்தையை இருத்திவைக்கச் சுவரோடு ஒரு சிறு இருக்கை, சில இடங்களில் பெரியவர்கள் படுக்கும் அளவுக்கு நீளமான பலகை. பெயரும் 'பலநோக்குக் கழிப்பறை' என்று ஆனது. தோக்கியோவில் 'யார் வேண்டுமானாலும் கழிப்பறை' என்றே எழுதிவைத்தார்கள். நல்லெண்ணம்தான். விளைவு என்னவென்றால், யார் வேண்டுமானாலும் வந்தார்கள். வேறு வழியே இல்லாதவர் வெளியே காத்திருந்தார். 2021-இல் அந்நாட்டின் நிலம், போக்குவரத்து அமைச்சகம் கட்டட வடிவமைப்பு வழிகாட்டியைத் திருத்தியது. எல்லாரையும் அழைப்பதுபோல் ஒலிக்கும் அந்தப் பெயர்களைத் தவிர்க்கச் சொன்னது. அதைவிட முக்கியமாக, வசதிகளைப் பிரித்துப் போடச் சொன்னது. குழந்தைப் பலகையும் குழந்தை இருக்கையும் சாதாரண ஆண், பெண் கழிப்பறைகளுக்குள் போகட்டும். கழிவுப் பைத் தொட்டியும் அங்கேயே ஓர் அறையில் இருக்கட்டும். பெரிய அறை, பெரிய அறை தேவைப்படுபவருக்கு மிஞ்சட்டும் என்பது அதன் கணக்கு. ஒழுங்குக்குப் பேர்போன ஜப்பானியர்களிடமே அறிவிப்புப் பலகையால் முடியாததைச் சுவரில் திருகும் நான்கு ஆணிகள் செய்யட்டும் என்று விட்டிருக்கிறார்கள். இந்த விவகாரம் முழுவதிலும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

நாமோ இன்னும் சேர்க்கும் கட்டத்தில்தான் இருக்கிறோம். 2021-இல் தில்லி மெட்ரோ, மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைகளைத் திருநர்களும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அவமதிப்புக்கும் அச்சத்துக்கும் நடுவில் கழிப்பறை தேட வேண்டியிருந்தவர்களுக்கு அது உடனடி நிவாரணம். வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆண், பெண் என்ற இரண்டு கதவுக்குள் அடங்காத ஒவ்வொருவரையும் மூன்றாவது கதவுக்கு அனுப்பிக்கொண்டே போனால், அந்த ஒற்றை அறைக்கு முன்னால் நலிந்தவர்களுக்குள்ளேயே போட்டி வரும். மற்ற இரண்டு கதவுகளும் எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே இருக்கும்.

குழந்தையின் பக்கத்துக்கு வருவோம். "குழந்தையும் காத்திருக்காது, அதற்கும் உரிமை இல்லையா?" என்று பெற்றோர் கேட்பார்கள். உரிமை உண்டு. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் கதவருகே வந்து நின்றால் சக்கர நாற்காலியில் வந்தவரை முதலில் விடுவதே முறை. காரணம் எளிது. குழந்தை ஏற்கெனவே போய்விட்டது, டயாபர் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. கொஞ்ச நேரம் அழும், அவ்வளவுதான். பெரியவருக்கு ஒரு நிமிடம் தவறினால், நனைந்த உடையோடு ஊர்ப் பார்வையில் வீடு போக வேண்டும். குழந்தையைக் கிடத்த ஒரு சமதளமான பலகை போதும், அது எந்தச் சுவரிலும் இருக்கலாம் என்பதும் உண்மை. பிரிட்டனின் வழிகாட்டியும் சக்கர நாற்காலிக் கழிப்பறையைக் குழந்தைக்கு டயாபர் மாற்றப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. நடைமுறையில் அங்கும் எல்லாக் கடைக்காரர்களும் அதைக் கேட்டுவிடவில்லை. ஆனால் தாய்க்கே இந்த அறை வேண்டியிருக்கும் தருணம் ஒன்று உண்டு. இரட்டைக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தனியாக வந்தவர், தன் அவசரத்துக்கு வண்டியை வெளியே விட்டுவிட்டு உள்ளே போக முடியாது. அவருக்கும் அப்போது வேறு கதவு இல்லை, தயங்காமல் போகலாம்.

அப்பாக்களின் கதை தனி. மாற்றும் பலகை பெண்கள் கழிப்பறையில் மட்டும் இருந்தால், மகளைத் தூக்கிக்கொண்டு வந்த அப்பா மூன்றாவது கதவைத்தான் தட்டுவார். அவரைக் கோபிப்பதில் அர்த்தமில்லை. அமெரிக்காவில் 2016-இல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் மத்திய அரசுக் கட்டடங்களில் ஆண்கள் கழிப்பறையிலும் இந்தப் பலகை வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2015 முதல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் வந்தன. பொது இடங்களில் பாலூட்டவும் குழந்தையைப் பராமரிக்கவும் அறை வேண்டும் என்பதை 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. அந்த அறையில் ஒரு பலகையைப் பொருத்தினால் தாய்மாரின் தேவை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அதன் பெயரிலேயே தாய்மார்கள் இருக்கிறார்கள். அப்பா உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. ஆகவே ஆண்கள் கழிப்பறையில் ஒரு பலகை வேண்டும் என்று கேட்பதும், மாற்றுத்திறனாளிகளுக்காகப் பேசுவதும் வேறு வேறு கோரிக்கைகள் அல்ல.

பூட்டிவைத்தால் தொல்லை தீருமே என்பார் சிலர். பிரிட்டன் 1981-இலேயே அதைச் செய்தது. ஒரே சாவியால் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான கழிப்பறைகளைத் திறக்கலாம். மாற்றுத்திறனாளி அந்தச் சாவியைத் தன் பையிலேயே வைத்திருப்பார், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். ஆனால் அது இன்று எந்தச் சான்றும் கேட்காமல் இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. பூட்டின் காவல் அவ்வளவுதான். இங்கே பூட்டு என்றால் சாவி காவலாளியிடமோ மேலாளரிடமோ இருக்கும், அவர் சாப்பிடப் போயிருப்பார். அவரைத் தேடி, காரணம் சொல்லி, கெஞ்சித் திறக்கவைப்பது கழிப்பறை இல்லாததைவிட ஒரு படி மேல், அவ்வளவே. பூட்டிய அறைக்கு நம் ஊரில் இன்னொரு கதியும் உண்டு: துடைப்பம், வாளி, உடைந்த நாற்காலி எல்லாம் அங்கே குடியேறும். அதனால்தான் இங்கே திறந்த கதவையே நான் விரும்புகிறேன். தேவைப்பட்டவர் நாலு பேர் வந்துபோனால் அந்த அறை கழிப்பறையாகவாவது உயிரோடு இருக்கும். கொஞ்சம் தவறான பயன்பாடு, பூட்டைவிடக் குறைந்த தீமை.

திறந்த கதவு வேண்டும் என்றால், உள்ளே போனவர் வெளியே வரும்போது அறை எப்படி இருக்கிறது என்பது முக்கியம். குழந்தைப் பலகையை மடித்து நிமிர்த்திவைக்காமல் வந்துவிட்டால், அது நாற்காலி திரும்ப வேண்டிய இடத்தில் குறுக்கே நீண்டு நிற்கும். சக்கர நாற்காலியில் வருபவர் அதன் அடியில் மாட்டிக்கொள்வார், பலருக்கு எட்டி மடிக்கவும் முடியாது. கோப்பைக்குப் பக்கத்தில் வெறுமனே கிடப்பதுபோல் தெரியும் இடத்தில் குப்பைத் தொட்டியையோ வாளியையோ வைத்தால், உடலை நாற்காலியிலிருந்து கோப்பைக்கு நகர்த்தும் வழியே அடைபட்டுவிடும். நாம் தண்ணீர் பயன்படுத்துபவர்கள். தரையை நனைத்துவிட்டு வந்தால் ஊன்றுகோல் வழுக்கும். தவழ்ந்து வருபவர் இருந்தால், நாம் செருப்புக்காலோடு மிதித்த ஈரத்தில் அவர் கை ஊன்றுவார். சுவரோரம் தொங்கும் சிவப்புக் கயிறு, விழுந்துவிட்டவர் தரையில் கிடந்தபடியே இழுத்து உதவி கேட்பதற்காக. அது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தொங்க வேண்டும். கூட்டுபவருக்கு இடைஞ்சல் என்று பல இடங்களில் அதைக் கைப்பிடியில் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பார்கள். பார்த்தால் அவிழ்த்துவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காத ஒருவர் இருக்கிறார். பன்னிரண்டு வயதிலும் டயாபர் தேவைப்படும் மூளை முடக்குவாதப் பிள்ளை. குழந்தைப் பலகை அவன் எடையைத் தாங்காது, சக்கர நாற்காலி அறையில் படுக்க இடமில்லை. பெற்றோர் ஈரத் தரையில் துணி விரித்து மாற்றுகிறார்கள். பிரிட்டனில் 2006-இல் தொடங்கிய இயக்கம் ஒன்று இதற்காகவே 12 சதுர மீட்டர் அறை, உயரம் மாற்றக்கூடிய பெரிய படுக்கை, தூக்கிக் கிடத்தும் கருவி என்று கேட்டது. இங்கிலாந்தில் 2021 ஜனவரி முதல் புதிய பெரிய பொதுக் கட்டடங்களுக்கு அது விதியாகிவிட்டது. இந்தியாவில் பழைய பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கவையாக மாற்ற 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தரப்பட்ட ஐந்தாண்டுக் கெடு 2022-இல் முடிந்தது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. அந்த விதிகளை வரைபவர்கள், ஜப்பான் பிரித்து வைத்ததை மறுபடியும் ஒரே அறைக்குள் அடைத்துவிடாமல் இருக்கிறார்களா என்பதைக் கவனிக்க வேண்டும்.